சாக்பீஸுக்குச் சத்தம் கிடையாது

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் போன வாரம் ஒரு கூட்டம் போட்டார்கள். எதற்கு என்கிறீர்கள்? ஒரு கரும்பலகையைப் பிடுங்கி எறிவதற்கு!

பலகை செல்வராஜுடையது. நூல் மில்லில் ஃபிட்டர். எங்கள் தெருவில் சாமி இல்லை என்று சொல்லும் ஒரே ஆள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் பலகையை நட்டு, தினமும் காலையில் ஒரு கேள்வி எழுதிவைப்பார். ‘எல்லாம் தெரிந்த சாமியிடம் வேண்டுதலை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா?’ – இந்த மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸுக்கு நான் பஸ் ஏறுகிற இடம் அது. நெற்றி நிறையத் திருநீறோடு நின்று படிப்பேன். கோபம் வரும். ஆனாலும் படிப்பேன்.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும்தான் வினை. அம்மன் ஊர்வலம் வருகிற பாதையில் இதென்ன என்று சில இளவட்டங்கள் எழுத்தை அழித்தார்கள். செல்வராஜ் திரும்ப எழுதினார். மறுபடி அழித்தார்கள். மறுபடி எழுதினார். கடைசியில் கோயில் வாசலில் கூட்டம்.

தெருத் தலைவர் – பலசரக்குக் கடை அண்ணாச்சி – சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“செல்வராசு, நீயே எடுத்துரு. நாங்க அம்புட்டுப் பேரும் ஒரு பக்கம். நீ ஒத்த ஆளு.”

“ஒத்த ஆளுன்னா பேசப்படாதா அண்ணாச்சி? கும்பிடாதன்னு யாரு கையவாவது புடிச்சனா? கேள்விதான கேக்கேன். பலகைய எடுத்தா வில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போவேன்.”

“போயேன். யாரு தடுத்தா?”

கூட்டம் சிரித்தது. பலகையை எடுக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் அண்ணாச்சி. கைகள் எழும்ப ஆரம்பித்தன... செல்வராஜின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

அப்போதுதான் எழுந்தார் பஸ் ஸ்டாப் டீக்கடை காமாட்சியக்கா. வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர். சரி, செல்வராஜ் தொலைந்தார் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, பலகைய எடுத்துருவோம். பொறவு கோயில் மேல கெட்டுன அந்தக் கொழா ரேடியோ ஸ்பீக்கரையும் எறக்கிருவோம்.”

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. “அதுல சாமி பாட்டுல்லா போடுதோம்?”

“நமக்குச் சாமி பாட்டு. அவனுக்கு? வெள்ளன நாலு மணிக்கே அவன் காதுக்குள்ள போயிக் கத்துதோம். நடுச்சாமத்துல ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தவன் பொறுத்துக்கிட்டுக் கெடக்கான். ஒரு நா வந்து வயரப் புடுங்குனானா? அவன் சாக்பீஸுக்குச் சத்தம் உண்டா? புடிக்கலன்னா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிரலாம். கொழாச் சத்தத்துக்கு எங்கிட்டுத் திருப்ப? ரோடு எல்லாத்துக்கும் பொதுதான. வச்சா ரெண்டும் இருக்கட்டும். எடுத்தா ரெண்டையும் எடுங்க.”

அண்ணாச்சி நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். குழாய் ரேடியோ இல்லாமல் பங்குனிப் பொங்கலா? தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகத் தலையைச் சொறியப் போய்விட்டன. “சரி... இருந்துட்டுப் போகட்டும்” என்றார் அண்ணாச்சி.

பலகை பிழைத்தது. கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை – தெருவிலேயே ஜெயித்த கேஸ். சந்தோஷத்தில் நான் கைதட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். முறைக்கட்டுமே.

நமக்குப் பிடித்ததைப் பேசுகிறவனுக்குப் பேச்சுரிமை கொடுப்பது என்ன பெரிய காரியம்? அதற்குச் சட்டமே தேவையில்லை, டீயே வாங்கிக் கொடுப்போம். பிடிக்காததைச் சொல்கிற ஒற்றை ஆளுக்கும் நம் அளவுக்கே இடம் உண்டு என்று ஒப்புக்கொள்வதில்தான் ஒரு தெருவின் யோக்கியதை தெரிகிறது.

மறுநாள் காலையில் பலகையில் நன்றி எழுதியிருப்பார் என்று நினைத்துப் போனேன். செல்வராஜ் எழுதியிருந்தது இது: ‘பெற்ற பிள்ளை கையைச் சுட்டுக்கொண்டால்தான் தாய்க்கு மனசு இரங்குமா?’

தீச்சட்டியைப் பற்றி! அதாவது, காமாட்சியக்காவைப் பற்றியேதான்.

முந்தின நாள் கூட்டத்தில் கை தூக்கிய ஒருவர் ஈரத்துணியோடு ஓடி வந்தார். “பாத்தியா யக்கா, ஒன்னையே எழுதிட்டான். இப்பவே அழிச்சிருதேன்.”

காமாட்சியக்கா அந்தத் துணியை வெடுக்கென்று பிடுங்கினார்.

“கைய வைக்காத. நான் பதில் எழுதாம யாரும் அழிக்கப்படாது.” பிறகு தன் கடைப் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த செல்வராஜ் பக்கம் திரும்பினார். “ஏலே, அந்தச் சாக்பீஸக் குடு.”

அன்றைக்கு என் பஸ்ஸை விட்டுவிட்டேன். பதிலைப் படிக்க வேண்டாமா?