மெழுகு வைத்த கிட்டார்

பழைய காலத்து ஸ்பெயின் கிட்டார் ஒன்றின் படத்தைக் காட்டி, அதே போலச் செய்து தரும்படி தஞ்சாவூரில் வீணை செய்யும் அண்ணனிடம் கேட்டிருந்தேன். இன்று போய் வாங்கினேன்.

பலாமரம். நல்ல நாதம். ஆனால் விரல் வைக்கும் மெட்டுகளை வீணையைப் போலவே கறுப்பு மெழுகில் பதித்திருந்தார்.

“கிட்டாருக்கு மெழுகு வைக்க மாட்டாங்கண்ணே” என்றேன்.

“உங்க படத்த நல்லாப் பாருங்க. மெட்டுக்கு நரம்பத்தான் கழுத்தச் சுத்திக் கட்டியிருக்காங்க. சுருதிக்குத் தக்க நகத்தணும்ல? மெழுகும் அதுக்குத்தான்.”

படத்தைப் பெரிதாக்கினேன். நரம்புதான். மூன்று மாதமாக அது என் போனில்தான் இருக்கிறது.

கிளம்பும்போது, “வெயில்ல வைக்காதீங்க, மெழுகு இளகிடும்” என்றார்.

இப்போது பேராவூரணிக்கு மூன்று மணி பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். வெயில் படாத பக்கம் எதுவென்று தெரிந்தவர்கள் வண்டி கிளம்புவதற்குள் சொல்லுங்கள்.