அம்மா ஊதிய அடுப்பும் நாலாவது கடிதமும்

ஈர விறகு புகையும்போது தொண்டையில் ஒரு கசப்பு இறங்கும். அந்தக் கசப்போடுதான் எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் எழுதப்பட்டன. அம்மா குசினிக்குள் அடுப்பை ஊதியபடி சொல்ல, வாசற்படியில் இருந்து, கரைத்த மைத்தூளில் பேனாவைத் தொட்டுத் தொட்டு நான் எழுதுவேன். ஐம்பதுகளின் கடைசி. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்குப் பதினொரு வயது; அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

கடிதங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்த சின்னம்மாவுக்கு. நாங்கள் வன்னிக்குப் புறப்பட்ட அன்று, "யானைக்கும் பாம்புக்கும் சோறு போடப் போறியளோ?" என்று அவர் கேட்டுவிட்டார். அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வண்டி ஏறிவிட்டார். இப்போது அம்மா ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. மருத்துவிச்சி இருந்தது எட்டுக் கட்டைக்கு, எட்டு மைலுக்கு, அப்பால். முந்தின பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டிருந்தது. தங்கை பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஆனால் "வா" என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வராது.

அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. "கடிதம் எண்டால் கோயிலுக்குப் போற மாதிரி குளிச்சு உடுத்தி வெளிக்கிட்டுத்தான் போகவேணும்" என்பார். ஆகவே முதலில் சிலேட்டில் எழுதி, அழித்துத் திருத்தி, பிறகுதான் தாளில் ஏற்றுவேன். அம்மா வயிற்றெரிச்சலோடு சொன்னதும் என் கையில் "இவ்விடம் யாவரும் சுகம்" என்று ஆகிவிடும். அப்படி மூன்று கடிதம் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை.

நாலாவது கடிதத்தில் நாலு வரிதான் தாளில் ஏற்றியிருப்பேன், வயலுக்குள் மாடு இறங்கிவிட்டது. அம்மா தடியோடு ஓடினார். "தபால்காரன் வரப்போறான், மிச்சத்தை நீயே எழுதி முடி பிள்ளை!"

சிலேட்டுக்கு நேரமில்லை, வீட்டில் இருந்தது அந்த ஒரு தாள். கால் நிலத்தில் நிற்கவில்லை. "மழை பெய்கிறது" என்று எழுதி வெட்டினேன். "பயிர் செழிப்பு" என்று எழுதி அதையும் வெட்டினேன். தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. கையை அதன்பாட்டில் விட்டேன். புகை வந்தது, அம்மாவின் வீங்கிய கால் வந்தது. "அம்மா தனிய நிக்கேக்கை அடுப்போடை கதைக்கிறா. 'எடி, இந்த ஈர விறகைப் பாரடி. எடி, எனக்குப் பயமாக் கிடக்கடி' எண்டு சொல்லுறா" என்று, பள்ளிக்கூடத் தமிழும் இல்லாமல், கேட்ட மாதிரியே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அந்த "எடி" யார் என்று எனக்கே விளங்கியது. அத்தனை நாளும் அம்மா தனக்குத்தானே முணுமுணுக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

தாளைத் திருப்பிப் பார்க்குமுன் தபால்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா வந்து, "என்ன எழுதினனீ?" என்றார்.

"சுகமெண்டுதான்."

அடுத்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிளைத் துரத்திப்போய்த் தாளைப் பறிப்பதாகக் கனவு கண்டேன். அம்மாவின் மானத்தை விற்றுவிட்டேன் என்று வாய்க்காலடியில் போய் நின்று அழுதேன்.

ஒன்பதாம் நாள் வந்த பஸ்ஸில் சின்னம்மா இறங்கினார், தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு பெட்டி. அம்மா குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"எடியெண்டு கூப்பிட்டுப்போட்டு என்ன அக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? எங்கை அந்த ஈர விறகு?"

அம்மா என்னைப் பார்த்து, "கள்ளி" என்றார். அப்பா மட்டும், "வெளிக்கிடாமல் போன கடிதம் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திட்டுது" என்று தலையைச் சொறிந்தார். தம்பி சின்னம்மாவின் கையில்தான் பிறந்தான்.

அந்தத் தாளைச் சின்னம்மா அலுமாரிக்குள் வைத்திருந்தார். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் அலுமாரியும் போயிற்று, வீடும் போயிற்று. இன்று அம்மாவும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. என் குசினியில் புகையும் இல்லை. கதை எழுத உட்கார்ந்தால் முதல் நாலு வரி இப்போதும் வெளிக்கிட்டுத்தான் வருகிறது. அதை வெட்டிவிட்டு, சைக்கிள் மணி கேட்டவள் போலக் கால் நிலத்தில் நிற்காமல் காத்திருக்கிறேன், "எடி" என்று யாராவது கூப்பிடும்வரை.