ஒரே குரலில் விடை

கமலேஸ்வரி ரீச்சருக்கு வகுப்பில் மௌனம் என்றால் பயம். ஆசிரிய கலாசாலையில் பிடித்த பயம் அது.

சோக்கிரட்டீஸ் விடையைச் சொல்லிக் கொடுக்கமாட்டார், கேள்வி மேல் கேள்வி கேட்டு எதிரில் நிற்பவனையே யோசிக்க வைப்பார் என்று விரிவுரையாளர் கதிரையில் இருந்தபடி வாசிக்க, பயிற்சி ஆசிரியர்களான இவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். சொல்லுக்கு முன்னால் பொருளைக் காட்டு என்று பெஸ்டலோசி என்ற கல்வியாளர் சொன்னதையும் ஒரு பொருளையும் பார்க்காமல் எழுதினார்கள். இடையில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பரீட்சையில் இரண்டுக்கும் நல்ல புள்ளி கிடைத்தது.

பிறகு கற்பித்தல் பயிற்சிக்குப் போன இடத்தில், சோக்கிரட்டீசை நம்பி ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார். பிள்ளைகள் எல்லோரும் அவருடைய முகத்தையே பார்த்தார்கள். பின்வரிசை வாங்கில் இருந்த மேற்பார்வையாளர் பேனையைத் திறந்தார். கமலேஸ்வரியால் பொறுத்திருக்க முடியவில்லை. விடையைத் தானே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு, பிள்ளைகள் சேர்ந்து கத்தக்கூடிய கேள்விகளை மட்டுமே அவர் கேட்டார்.

லிங்கநகரிலிருந்து ஸ்கூட்டியில் சல்லி என்ற கடற்கரை ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வருவார். தரம் நான்கு அவருடையது. கடல் ஊருக்குள் வந்த வருடம் அவருக்குப் பதினெட்டு வயது. அந்த நாளைப் பற்றி அவர் கதைப்பதில்லை. மேசையை மட்டும், கடல் முதுகுப் பக்கம் இருக்கும்படி போட்டிருந்தார்.

"சுனாமி மணி அடிச்சால் எங்க ஓடுவீங்கள்?"

"தண்ணித் தாங்கியடி மேட்டுக்கு ரீச்சர்!"

"கடற்கரைக்குப் போகலாமோ?"

"போகேலாது ரீச்சர்!"

"விளங்கினதோ?"

"ஓம் ரீச்சர்!"

தவணைக்குத் தவணை இதே கேள்விகள், கூரை அதிர இதே விடைகள். அதைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

போன வருடம் ஒரு காலை, ஆழ்கடலில் நிலம் அதிர்ந்ததாகச் செய்தி வந்தது. பொலிஸ் வாகனம் ஒலிபெருக்கியோடு போனது. அதிபர் ஆனந்தராசா மணியை விடாமல் அடித்தார். பிள்ளைகள் வரிசை கட்டி, தண்ணீர்த்தாங்கி நிற்கும் மேட்டுக்கு ஏறினார்கள். மேலே போய் கமலேஸ்வரி எண்ணினார். ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினார். லக்சாயினி இல்லை.

"அவள் எங்கயடா?" என்று, வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிந்துஜனைப் பிடித்தார்.

"அப்பான்ர மீன்பிடிப் போட்டுக்குப் போறன் எண்டவள் ரீச்சர். என்னையும் வா எண்டவள்."

"ஏன்டா சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே ரீச்சர்."

அதிபர் கையை நீட்டி மறித்தார். "நீங்கள் போகாதேங்கோ. பொலிசுக்குச் சொல்லுறன்."

"அவங்கள் வாறதுக்குள்ள, சேர்…" என்றார் கமலேஸ்வரி. அவர் கால் ஏற்கனவே இறக்கத்தில் இருந்தது.

சட்டி பானையோடும் கோழிகளோடும் சனம் மேலே வர, அவர் ஒருவர் மட்டும் கீழே ஓடினார். "ரீச்சர், உங்களுக்கென்ன விசரோ? அங்கால ஓடுங்கோ!" என்று ஒரு பெண் கத்தினாள்.

கரையில் ஆள் இல்லை. கடல் உள்வாங்குகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. வருடக்கணக்காக அதைப் பார்க்காமலே இருந்தவருக்கு, தண்ணீர் வழக்கமாக எதுவரை நிற்கும் என்பதே தெரியாது. அந்த ஈரமணல் நேற்றும் இருந்ததா?

மணலில் ஏற்றி வைத்திருந்த போட்டுக்குள், பெரிய ஆளின் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு லக்சாயினி இருந்தாள்.

"இறங்கு!"

"மாட்டன் ரீச்சர். சுனாமி வந்தால் நடுக்கடலில போட்டுக்கு ஒண்டும் நடக்காதாம். அப்பா சொன்னவர். நீங்களும் ஏறுங்கோ."

கமலேஸ்வரி அவளைப் பிடித்து இழுத்தார். பிள்ளை குறுக்குப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தியது. மீன்பிடிக்காரர் வீட்டுக் கை, கழற்ற முடியவில்லை. பின்னால் கடல் சத்தம் கூடியது போலிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை விட்டார்.

"மகள், போட் இப்ப எங்க நிக்குது?"

பிள்ளை பேசாமல் பார்த்தது. கமலேஸ்வரிக்கு விடை தொண்டை வரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

"கரையில," என்றாள் லக்சாயினி.

"கரையில என்ன நடக்கும்?"

பிள்ளை கடலைப் பார்த்தது, போட்டின் இயந்திரம் இல்லாத பின்பக்கத்தைப் பார்த்தது, மணலைப் பார்த்தது. அவள் முகம் மாறியதைக் கமலேஸ்வரி கண்டார். சொல்லவேண்டிய விடையைச் சொல்லாமலே போட்டிலிருந்து குதித்து, ரீச்சரின் கையைப் பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அலை வரவில்லை. பின்னேரம் எச்சரிக்கையை நீக்கினார்கள். இயந்திரம் திருத்த நகரத்துக்குப் போயிருந்த தகப்பன் சிவரூபன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "அது கடலுக்குள்ள நிக்கிற ஆக்களுக்கான கதை ரீச்சர். வீட்டில கதைச்சதை இவள் இப்பிடிப் பிடிச்சு வச்சிருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாது."

எனக்கு மட்டும் தெரியுமா என்று கமலேஸ்வரி நினைத்தார்.

அடுத்த நாள் அவர் யாரையும் சேர்ந்து கத்த விடவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்குக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் காதில் சொல்லச் சொன்னார். மணி அடித்தால் நீ என்ன செய்வாய்? ஒருத்தி, பாலர் பாடசாலைக்குப் போய்த் தங்கச்சியைத் தூக்குவாளாம். ஒருத்தன் புதுச் சைக்கிளை எடுக்க வீட்டுக்கு ஓடுவானாம். ஒருவன் மதில் மேல் ஏறி அலையைப் பார்ப்பானாம். சிந்துஜன், "எல்லாரும் ஓடுற பக்கம்" என்றான். இத்தனை வருடமும் கூரை அதிர வந்த அந்தச் சத்தத்துக்குக் கீழே இவ்வளவும் இருந்திருக்கிறது.

அடுத்து கீர்த்தனி வந்தாள். வகுப்பில் மெல்லிய குரல்காரி. ரீச்சரின் காதுக்கு மேல் விழுந்திருந்த மயிரை விலக்கிவிட்டுச் சொன்னாள்.

"நீங்கள் மேட்டுக்குப் போனால் மேட்டுக்கு வருவன் ரீச்சர். நேற்றுப் போல கடற்கரைக்கு ஓடினால், நானும் உங்களுக்குப் பின்னால வருவன்."

வரிசையில் இன்னும் பாதிப் பேர் நின்றார்கள்.