மைக்கை மூடிய கை

எங்கள் அப்பா ஆலங்குடிக்குத் தெற்கே ஒரு கடலைக்காட்டுக் கிராமத்தில், ஐப்பசி அடைமழையில், ஒரு வியாழக்கிழமை பிறந்தார்கள். தாத்தா சீக்கிரம் மறைந்ததால் படிப்பை விட்டுவிட்டுக் கடலை வியாபாரத்துக்கு வந்தார்கள். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார்கள். யாரிடமும் கை நீட்டியதில்லை. கட்சி மேடையில் எதிரிகளைக் கேலி செய்வதில் இந்த வட்டாரத்தில் அப்பாவுக்கு இணை கிடையாது. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. அறியாத ஒன்றை இந்த நினைவு மலரில் எழுதிவைக்கிறேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எதிர்க்கட்சிக்காரர். ஒரு மார்கழியில் ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நின்று தோற்றார். தையில் அப்பாவுக்கு மதுரையில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. பங்குனியில் அம்மன் கோயில் திருவிழா. வழக்கம்போல மைக் அப்பா கையில்.

நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களைப் பெயர் சொல்லிச் சன்னதிக்கு அழைப்பது எங்கள் கோயில் வழக்கம். எதற்காக வேண்டிக்கொண்டோம் என்பதை, செலுத்தி முடிக்கும்வரை வீட்டாரிடமும் சொல்லக்கூடாது. மாமா மொட்டையடித்து, சந்தனம் பூசி, வரிசையில் நின்றார். தீபாராதனைக்குத் திரை போட்டிருந்தார்கள்.

"அடுத்து நம்ம மாப்ள வாராரு. ஓட்டுத்தான் விழுகல, முடியாச்சும் விழுந்துச்சே. ஆத்தா, அடுத்த தேர்தலுக்குள்ள இவருக்கு முடியையும் குடு, கொஞ்சம் மூளையையும் குடு."

கூட்டம் சிரித்தது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலரும் சிரித்தீர்கள். அது போதாமல் அப்பா அவரிடமே போய் மைக்கை நீட்டினார்கள். "எதுக்கு மொட்டைன்னு ஊருக்குச் சொல்லுங்க மாப்ள. தோத்ததுக்கா, இனிமே தோக்கப்போறதுக்கா?"

"இருங்க மச்சான், சாமி கும்பிட்டுக்கிறேன்."

திரை விலகியது. மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார், திருநீறு பூசிக்கொண்டார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அப்பாவுக்கும் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஒங்க ஆபரேசன் அன்னைக்கு வேண்டிக்கிட்டது மச்சான். பேச்சு பழையபடி நல்லா வருது. ஆத்தா ஒரு கொறையும் வைக்கல."

மைக்கைப் பொத்தியதைப் பார்த்துக் கூட்டம் மறுபடி சிரித்தது. அப்பா அடுத்த பெயரை அழைத்தார்கள்.

அதன்பின்னும் எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் மாமா வராமல் இருந்ததில்லை. வருவார், மரியாதையாகப் பேசுவார், சாப்பிடாமல் போவார். படுக்கையில் விழுந்த பிறகு அப்பா, "அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும், வரச் சொல்லு" என்றார்கள். மாமா வந்தார். இருவரையும் தனியே விட்டு நாங்கள் வாசலில் நின்றோம்.

"பஸ்ஸு கூட்டமா?" என்றார்கள் அப்பா.

"இல்ல மச்சான், ஒக்காந்துதான் வந்தேன்."

அந்த ஒரு வார்த்தையை அப்பா சொல்லவில்லை. மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார்கள்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், மழையில் பந்தல் போட்டவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் குடும்பத்தார் கடமைப்பட்டிருக்கிறோம். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை கொண்டுவந்தவர் மாமா. காரியம் முடிந்ததும் அப்பாவுக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது அவுக கேக்க வேண்டியது தாயி. நீ கேட்டு நான் சரின்னா, அது யாருக்குச் சொன்னதாகும்?" என்றார். பிறகு பந்தலில் நாற்காலிகளை அடுக்கப் போனார்.

அவருக்கும் எங்கள் நன்றி.