ரங்கநாயகி எழுந்து போகவில்லை

சசிதரை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று ரங்கநாயகி சபதம் எடுத்தது எந்தச் சாமி முன்னாலும் இல்லை. பேக்கிங் செக்‌ஷனில், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே எடுத்தாள்.

பீளமேட்டில் அந்த பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டெஸ்டிங்கில் நின்றவள் அவள். பம்பை ஓட்டிப் பார்த்து, தேறினால் அதன் உடம்பில் பஞ்ச் என்கிற இரும்பு எண் அச்சை வைத்து, சுத்தியலால் தன் நம்பரை அடிக்க வேண்டும். ரங்கநாயகியின் நம்பர் பதினேழு. பதினேழு அடித்த பம்ப் என்றால் கடைக்காரர்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட நம்பர் போட்ட நாற்பது பம்புகள் இரண்டே மாதத்தில் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்து திரும்பி வந்தன. தென்னந்தோப்புக்காரர்கள் வாசலில் நின்று கத்தினார்கள். முதலாளி அரங்கசாமி தன் ரூமில் விசாரணை வைத்தார். மேனேஜர் சசிதர், முதலாளியின் அக்கா மகன், வாய் கூசாமல் சொன்னான்: "ரங்கநாயகி அக்காவுக்குக் கொஞ்ச நாளாவே உடம்பு படபடன்னு வருதுங்க மாமா. மீட்டரைச் சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து அவளுக்கு அந்தப் படபடப்பு வந்துவிட்டது. நெஞ்சு திமுதிமுவென்று அடித்தது. விரல் மரத்தது. தொண்டை அடைத்து, கதவு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ரூமை விட்டு வெளியே போனால் போதும் என்று, "சரீங்க, என் தப்புதானுங்க" என்று சொல்லிப்போட்டு ஓடி வந்துவிட்டாள். செய்யாத தப்பை! மறுநாள் கையில் ஒரு மெமோ, பேக்கிங்கில் ஒரு ஸ்டூல்.

முன்பு டெஸ்டிங்கிலேயே ஒரு முறை இதே மாதிரி வந்திருந்தது. கோயம்புத்தூரில் நெஞ்சில் எது நடந்தாலும் முதலில் அது கேஸ் ட்ரபிள்தான். சோடா கொடுத்தார்கள், ஓமத்தண்ணி கொடுத்தார்கள், எதற்கும் அடங்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. அப்போது டாக்டரம்மா சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இப்போது அதே டாக்டரம்மாவிடம் தானாகப் போய் உட்கார்ந்தாள்.

"உங்க இதயத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. இது பதற்றம். ஏறும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். நீங்க பாதியில எந்திரிச்சு ஓடறதாலதான் அது மறுபடி மறுபடி வருது."

"ஓடாம இருக்க முடியுமுங்களா?"

"பழகினா முடியும்."

பழகினாள். தினமும் காலை ஐந்தரைக்கு விமான நிலையச் சாலையில் நடை. கூட வந்தவள் வைண்டிங் செக்‌ஷன் ஹபீபுன்னிசா. முதல் வாரமே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்கக்கா, நடக்கப் போறீங்களா, ஆளை வெட்டப் போறீங்களா?"

"ரெண்டும்தான். வேகமா வா அம்மணி."

ஒவ்வொரு அடியையும் சசிதரின் முகத்தில்தான் வைத்தாள். மூச்சுப் பயிற்சியில் மட்டும் அந்த வித்தை எடுபடவில்லை. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும்போது அவன் நினைப்பு வந்தால் படபடப்பு இன்னும் கூடியது. சரி, போய்த் தொலை என்று அவனுக்கு நடையில் மட்டும் இடம் கொடுத்தாள். படபடப்பு வந்தால் ஓமத்தண்ணியைத் தேடாமல், 'இது அதுதான், வந்து போகட்டும்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கூட்டமான பஸ்ஸில் வந்தபோது இறங்காமல் இருந்தாள். லிஃப்டில் வந்தபோதும் அப்படியே நின்றாள். மூன்று மாதத்தில் அது வருவது குறைந்தது. வஞ்சம் மட்டும் ஒரு துளி குறையவில்லை. குறைய அவளும் விடவில்லை.

பயந்து ஒதுக்கி வைத்திருப்பதை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றாக எதிர்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அவள் பட்டியலில் முதலில் இருந்தது அந்த மெமோ. வாங்கிய நாளிலிருந்து அதைப் பிரித்தே பார்க்கவில்லை. உறையைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு, உட்கார்ந்து பிரித்தாள். 'ஜூலை ஒன்பதாம் தேதி பிற்பகல் தாங்கள் சோதித்த நாற்பது பம்புகள்' என்று இருந்தது.

ஜூலை ஒன்பதா?

பீரோவில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை இழுத்தாள். ஈ.சி.ஜி. தாளில் ஜூலை ஒன்பது, பன்னிரண்டு மணி பத்து நிமிஷம். இரண்டாவது தாளில் மூன்று மணி. வெளியே அனுப்பிய சீட்டில் மாலை ஆறு. காலையில் வருகை பதிந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் யாரும் கேட் பாஸ் போடவில்லை. கம்பெனிக் கணக்கில் அவள் நாள் முழுக்க டெஸ்டிங்கில் நின்றிருக்கிறாள். அவள் கட்டிலில் கிடந்த நேரத்தில் அவள் பஞ்ச்சை எடுத்து எவனோ பம்புகளில் பதினேழு அடித்திருக்கிறான். பஞ்ச் இருக்கும் டெஸ்டிங் அலமாரியின் இன்னொரு சாவி யாரிடம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன! அன்று ராத்திரி அவள் சந்தோஷமாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அவளே கேட்டு வாங்கிய விசாரணை, முதலாளி ரூமில். கதவைச் சாத்தினார்கள். சசிதர் சிரித்தபடியே, "அக்கா, முகமெல்லாம் வேர்க்குதுங்க. வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க" என்றான்.

வேர்க்கத்தான் செய்தது. நெஞ்சும் அடித்தது, விரலும் மரத்தது. ரங்கநாயகி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் படபடப்பு வந்திருக்குதுங்க முதலாளி. கொஞ்ச நேரத்துல இறங்கிப்போடும். அதுவரைக்கும் யாரும் எந்திரிக்க வேண்டாமுங்க."

அரங்கசாமி திகைத்துப்போய்த் தலையாட்டினார். அவள் அவசரப்படாமல் மூச்சை இழுத்தாள், விட்டாள். சசிதர் சிரிப்பை நிறுத்தினான். போனை எடுத்தான், வைத்தான். அவன் தவிப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இனித்தது. படபடப்பு அடங்கிய பிறகும் வேண்டுமென்றே இன்னும் இரண்டு நிமிஷம் உட்கார வைத்தாள். பிறகு மெமோவை ஒரு பக்கமும் ஈ.சி.ஜி. தாள்களை மறுபக்கமும் மேசையில் வைத்தாள்.

அரங்கசாமி கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "அன்னிக்கு மத்தியானம் பதினேழாம் நம்பர் பஞ்ச் யார் கையில இருந்துது சசி?"

"லோடு போயாகணும்னு லாரி நின்னுதுங்க மாமா, டெஸ்ட் பண்ண நேரமில்ல..." என்று அலமாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "தப்பாயிருச்சு அம்மணி. நீங்க நாளைக்கே டெஸ்டிங்குக்கு வந்துருங்க. இவனை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்க்கறது அப்புறமுங்க. என் பேரு டெஸ்டிங்குல எல்லாரு முன்னாலயும் கெட்டுது. அங்கயே வந்து இவர் சொல்லோணுமுங்க."

மறுநாள் மெஷின்களை நிறுத்தினார்கள். அறுபது பேர் சுற்றி நின்றார்கள். சசிதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பதினேழை அடிச்சது நானுங்க. அக்கா மேல தப்பில்ல. மன்னிச்சுப்போடுங்கக்கா."

அந்த ஊர் வழக்கப்படி 'அட, உடுங்க, அதனால என்னங்க' என்று அவள் சொல்லுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். சசிதர்கூட அதற்குத் தயாராகத் தலையை நிமிர்த்திவிட்டான்.

"மன்னிக்க மாட்டேனுங்க" என்றாள் ரங்கநாயகி. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க. இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க."