கண்ணுக்கு நல்ல புனிதர்

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹவுகன்ஸ்டுவாப் புறநகரில் எங்கள் மாடி வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "மூத்தவள் இப்ப என்ன படம் கீறுறாள்?" என்பதுதான். இளையவள் ஒருத்தி அதே சோபாவில் இருப்பது எவர் கண்ணிலும் படாது. எனக்கு வயிறு எரியும்.

அந்த ஒக்டோபரில் அக்கா, முந்நூறு வருடங்களுக்கு முன் வெனிஸில் வாழ்ந்த ஓர் ஓவியக்காரியைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேலை. அந்த ஓவியக்காரி பாஸ்டல் என்ற வண்ணச் சுண்ணக் கட்டியால் முகம் வரைந்தே அரசர்களைக் காத்திருக்க வைத்தவளாம். கடைசியில் கண் தெரியாமல் போனவளாம். சாப்பாட்டு மேசையில் வேறு கதையே இல்லை. செத்துப்போனவள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அந்த ஓவியக்காரி, கையில் தன் தங்கையின் சின்னப் படமொன்றை ஏந்தியபடி தன்னையே வரைந்திருந்தாள். அதைப் பார்த்து அக்கா கீறினாள். "தொட்டால் மா மாதிரி உதிரும், கவனம்" என்று என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள். அம்மா அதை என் கைக்கு எட்டாத ஒரே இடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமை அது பள்ளிக் கண்காட்சிக்குப் போகவேண்டும்.

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் செபமாலை. செபம் முடிந்ததும் அக்கா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். மன்னார் மாமி ஒருவர் படத்தை அண்ணாந்து பார்த்தார். கையில் எதையாவது ஏந்தியிருந்தால் புனிதர்தானே.

"இது ஆர், பிள்ளை?"

"இத்தாலிப் புனிதர் மாமி. கண்ணுக்கு நல்லவ" என்றேன்.

மாமிக்குக் கண்ணில் புரை. படத்தின் கண்ணைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றி, விரலை முத்தமிட்டார். அடுத்தவர் படத்தின் நெற்றியைத் தொட்டார், அதற்கடுத்தவர் கையை. பதினொரு பேர். தள்ளுமுள்ளு வராமல் நானே வரிசையாக விட்டேன்.

அக்கா தட்டோடு வந்தபோது புனிதரின் முகம் எல்லோருடைய இமைகளிலும் இருந்தது.

"ஆர் சொன்னது இது புனிதரெண்டு?"

"தங்கச்சிதான் சொன்னவ" என்றார் மாமி, என் தலையைத் தடவியபடி.

அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று காத்திருந்தேன். எல்லோரும் போனபின் அவள் புதுத் தாள் எடுத்தாள், யன்னலடியில் கதிரை போட்டாள்.

"இதிலை இரு. அசையாதை."

"நானோ? என்னத்துக்கு?"

"கதைக்காதை. வாய் கோணும்."

என்னைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள். தாளின் கீழ்ப்பக்கத்தில், ஓவியக்காரியின் கையிலுள்ள சின்னத் தங்கை படம் வரும் இடத்தில், அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இது என்ன புதுவிதத் தண்டனை என்று நினைத்தேன். இத்தாலிக்காரியைத் திரும்பக் கீறுவதற்கு நான் ஏன் கதிரையில் இருக்கவேண்டும் என்று விளங்கவேயில்லை. நாளைக்கும் எல்லோரும் அக்காவின் படத்தைத்தான் பார்ப்பார்கள், என்னை ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்று வயிறு எரிந்தபடியே அசையாமல் இருந்தேன்.