சிவப்புக் காலிபரும் சிதறிய வெங்காயமும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல மழை. சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்கு ஆட்டுக்கறி வாங்கக் காரில் கிளம்பினேன். போய் வருவதில் என்ன கதை இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அதற்கு முன் என் காரைப் பற்றியும் என் வீம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

கார் என்றால் எனக்குப் பைத்தியம். இரண்டே கதவு உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். இன்ஜினின் சக்தியைக் கூட்டி, சஸ்பென்ஷனை மாற்றி, அதோடு நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "உன் மூத்த பிள்ளைக்கு இன்னைக்கு உடம்பு எப்படி?" என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

அந்த வருடம் நண்பர்களோடு எல்லை தாண்டி, மலேசியாவில் ஒரு ரேஸ் டிராக்கில் ஓட்டப் போயிருந்தேன். நான்காவது சுற்றில், வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் பெடல் மெத்தையில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்விட்டது. நல்லவேளை, அந்த இடத்தில் புல்தரை இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. சும்மா சிக்னலில் நிற்கும்போதுகூடப் பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்ப்பேன்.

உபி தொழிற்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். அங்கே மெக்கானிக்கும் தமிழர்தான், என் வயதுதான் இருக்கும். பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய சிவப்புக் காலிபர், எல்லாம் முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது பேட், அதாவது டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை. இரண்டு வகையை மேசை மேல் வைத்தார். ஒன்று சாதாரணச் சாலைக்கு, இன்னொன்று ரேஸ் டிராக்குக்கு.

"அக்கா, டிராக் பேட் சூடானாத்தான் பிடிக்கும். குளிர்ந்து கிடந்தா சரியா பிடிக்காது. நீங்க வேலைக்கும் மார்க்கெட்டுக்கும்தானே ஓட்டுறீங்க, ரோடு பேடே போதும் லா" என்றார்.

மார்க்கெட்டாம்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இதே மனிதர் என் நண்பர்களிடம் மார்க்கெட் என்று சொல்வாரா? பெண் என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் கார் என்று நினைப்பு. "டிராக் பேடே போடுங்க" என்றேன். அவர் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தார். நான் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி கோபத்தில் என் காதில் ஏறவில்லை, ஏறியதையும் நான் மதிக்கவில்லை.

பேட் மாட்டிய பிறகு பிரேக் போடும்போதெல்லாம் வண்டி கிறீச்சிட்டது. "ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்குதே" என்று சிரித்தார் என் கணவர். காலையில் கார் பார்க்கின் சரிவில் இறங்கும்போது முதல் மிதிக்கு வண்டி நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நின்றது. எனக்குத் திக்கென்றது. புது பேட், போகப் போகப் படிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெக்கானிக்கிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே!

அந்த ஞாயிற்றுக்கிழமை விரைவுச்சாலை காலியாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. மழைத்தண்ணீர் அடித்து அடித்து டிஸ்க் ஐஸ் மாதிரி ஆகியிருக்கும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. இறங்கித் தேக்கா பக்கம் போகும் சாலையில் வந்துகொண்டிருந்தபோது முன்னால் சிக்னல் சிவப்பானது. தூரம் நிறையவே இருந்தது. பாதசாரிகளுக்குப் பச்சை விழ, குடை பிடித்துக்கொண்டு ஒருவர் சாலையில் இறங்கினார்.

பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. வண்டியின் வேகம் குறையவில்லை.

ஐயோ, அந்த இரண்டு மூன்று விநாடி! பலம் கொண்ட மட்டும் மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். ஹாரன் அடிக்கக்கூடத் தோன்றவில்லை. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கார் மோதினால் கால் எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தக் கோட்டைத் தாண்டி, அவர் நடந்துகொண்டிருந்த இடத்துக்குள்ளேயே மூக்கை நுழைத்து, அவருடைய உள்ளங்கை பானெட்டில் படும்படி நின்றது வண்டி.

அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் பை விழுந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் சிதறின. ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் போலத் தெரிந்தது, முப்பது வயது இருக்கலாம். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, குடையைக் கீழே வைத்துவிட்டு, என் காரின் முன்னால் குனிந்து வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தார்! ஒன்று வண்டிக்கு அடியில் உருண்டிருக்க வேண்டும். முட்டி போட்டுக் கையை உள்ளே விட்டார். தலை எனக்குத் தெரியவில்லை.

என் இரண்டு காலும் பிரேக்கின் மேல் இருந்தன. இந்தப் பிரேக்கை நம்பியா இவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்ததும் உயிரே போய்விட்டது. இன்ஜினை அணைத்தால் முடிந்தது விஷயம். அதுகூடத் தோன்றவில்லை. கண்ணாடியை இறக்கி, "எடுக்காதீங்க! முதல்ல தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். பயத்தில் கத்தியதுதான். ஆனால் வெளியே அதட்டலாகத்தான் கேட்டிருக்கும்.

அவர் சட்டென்று எழுந்தார். நெற்றியில் தண்ணீர் வழிந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சலாம் போடுவது போல ஒரு கையை நெற்றிக்குக் கொண்டு போனார்.

"ஸாரி மேடம். பார்க்காம வந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் அலறியது. அவர் நடைபாதைக்கு ஓடிவிட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், சரி பரவாயில்லை என்பது போல. ஆமாம், பரவாயில்லை என்பது போலத்தான்!

ஊர்ந்து போய் முதலில் கண்ணில் பட்ட கார் பார்க்கில் வண்டியைப் போட்டேன். கறி வாங்கவில்லை. மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஆளுக்கு அடி படலையே அக்கா?" பிறகு, ஓட்ட வேண்டாம், வண்டியை இழுத்து வர ஆள் அனுப்புகிறேன் என்றார். மறுநாளே ரோடு பேட் மாட்டிவிட்டார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. மழையோ வெயிலோ, தொட்டால் நிற்கிறது. டிராக்குக்குப் போகும்போது மட்டும் அங்கே போய் டிராக் பேடுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

அன்று நான் கூப்பிட்டதும் என் கணவர் எம்.ஆர்.டி. ரயில் பிடித்து என்னைத் தேடி வந்தார். நான் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பதறி, என்ன ஆச்சு என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒருத்தர் பார்க்காம குறுக்க வந்துட்டார்."

அந்த மனிதர் என்னிடம் கேட்ட மன்னிப்பையே எடுத்து அவர் மேல் குற்றமாகச் சுமத்திவிட்டேன். மெக்கானிக்கிடம் உண்மையைச் சொன்ன எனக்கு வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. என் கணவர் இதை உறவினர்களிடம் சொல்லும்போதெல்லாம், "ரோட்டைப் பார்க்காம நடக்கிறாங்க, இவ நல்லா ஓட்டுறதால அந்த ஆள் பிழைச்சான்" என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். இதைப் படிக்கும்போதுதான் அவருக்கே தெரியப்போகிறது.

அந்த மனிதர் பார்க்காமல் வரவில்லை. பச்சை விளக்கில், நடக்க வேண்டிய இடத்தில், நடந்துதான் வந்தார். பார்க்காமல் வந்தவள் நான். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் ஸாரி சொன்னால் உடனே தலையாட்டுவதில்லை, அது எனக்கு வர வேண்டியதா, நான் சொல்ல வேண்டியதா என்று ஒரு கணம் யோசிக்கிறேன்.